"அம்மா நல்லாத்தான் இருக்காங்க": ஒரே வீட்டில் இரண்டு மறதி நோய், ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் விவரம். கணவருக்கு 76 வயது, மனைவிக்கு 71. சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவர், வயதான பிறகு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வியாபாரிக்குக் கவுளி (நூறு வெற்றிலைக் கட்டு) அடுக்கிக் கொடுத்தவர். மகன், மருமகள், கல்லூரிக்குப் போகும் பேத்தி எல்லோரும் ஒரே வீட்டில்தான். இருவருக்குமே டிமென்ஷியா. அவருக்கு ஏதோ சரியில்லை என்று வீட்டார் கண்டுபிடிக்க இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தம்மாவுக்கு, பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால், மூன்று வருடமாவது ஆகியிருக்கிறது. ஒரே கூரை, அதே மகன், அதே மருமகள், அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் நான் எழுத வந்த விஷயம்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் வரும் முதியவர்களுக்கு நினைவாற்றல் பரிசோதனை செய்கிற உளவியலாளர். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் வந்த கதை

அவருடையது நேரான கதை. பென்ஷன் எடுக்க ஒரே நாளில் இரண்டு தடவை வங்கிக்குப் போயிருக்கிறார், இரண்டாம் தடவை போனபோது இன்னும் பணம் வரவில்லையே என்று கவுண்டரில் சத்தம் போட்டிருக்கிறார், வங்கியிலிருந்தே மகனுக்கு போன் வந்துவிட்டது. அடுத்த வாரம் டிவிஎஸ் 50-ஐ வாடிப்பட்டியில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பி, வண்டி களவு போய்விட்டது என்று தெருவையே கூட்டியிருக்கிறார். அப்புறம் ஏடிஎம் ரகசிய எண். மகன் உடனே லீவு போட்டுவிட்டுக் கூட்டி வந்துவிட்டார்.

ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பதினைந்து வருடத்துக்கு மேலாக. அறுபது வயது வரை பீடி. நாலு வருடத்துக்கு முன்னால் இடது கை மரத்துப்போய், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள், அது ஒரு சின்னப் பக்கவாதம். நடை சின்னச் சின்ன அடியாக, தரையோடு ஒட்டினாற்போல் ஆகியிருந்தது, சிறுநீரை அடக்க முடியவில்லை. எம்ஆர்ஐ-யில் மூளையின் ஆழப்பகுதிகளில் பல இடங்களில் சிறு ரத்தக்குழாய் அடைப்பின் தழும்புகள், வெள்ளைப் பகுதியில் பரவலான மாற்றம். ரத்தநாள டிமென்ஷியா என்று மருத்துவர் எழுதினார். இதில் புதிர் எதுவும் இல்லை. பல ஆய்வுகளில் இந்த வகை ஆண்களிடம் சற்று அதிகமாகத் தென்படுகிறது. நம் ஊரில் புகையும் மதுவும் பெரும்பாலும் ஆண்கள் சமாச்சாரம், நடுவயதில் பக்கவாதமும் அவர்களுக்குத்தான் அதிகம். பார்க்கின்சன் நோயும் லூவி பாடி டிமென்ஷியாவும்கூட ஆண்கள் பக்கம் சாய்ந்தவைதான். ஆக, டிமென்ஷியா மொத்தமும் பெண்கள் நோய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அன்றைக்கு அவரைப் பற்றிய முழுக்கதையையும் சொன்னது அந்தம்மாதான். நல்ல பேச்சுக்காரர். "இவுகளுக்கு முன்னாடி மாதிரி இல்ல தாயி, சொன்னதையே சொல்றாக, எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கிறதில்ல, அதுக்குன்னு குத்தமா சொல்ல முடியுமா, வயசாயிருச்சுல்ல" என்று சிரித்துக்கொண்டே அடுக்கினார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தால் அதில் ஒரு தேதி இல்லை, ஒரு இடத்தின் பெயர் இல்லை, இன்ன நாள் இன்னது நடந்தது என்று ஒரு சம்பவம் இல்லை. வங்கி, வாடிப்பட்டி, ஏடிஎம் எல்லாமே மகன் சொன்னவை. என் குறிப்பில் பக்கவாட்டில் "மனைவியையும் பார்க்க வேண்டும்" என்று எழுதி வைத்தேன். மகனிடம் சொன்னபோது அவர் சொன்னதுதான் தலைப்பில் இருப்பது. "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மேடம், அப்பாவையே அவுகதான பாத்துக்கிறாக."

மாத்திரை டப்பா

பார்த்துக்கொள்வது என்றால், அவருடைய மாத்திரைகள் அந்தம்மா பொறுப்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, சுகாதாரத் தன்னார்வலர் மாதாமாதம் வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அருமையான ஏற்பாடு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் வாசலில் வாங்கிய மாத்திரை வாய்க்குள் போவதுவரை உள்ள தூரம் அந்தந்த வீட்டுப் பெண்ணின் ஞாபகத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஒருநாள் விடிகாலையில் அவர் வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்திருக்கிறார். இன்னொரு பக்கவாதம் என்று நினைத்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை 46. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கிளிமிப்பிரைடு என்ற மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையைக் குறைக்கும் ரகம், காலையில் ஒன்று மட்டும் போட வேண்டியது. அட்டையை எண்ணிப் பார்த்த மருமகளுக்குத்தான் பொறி தட்டியது. பதினைந்து நாளைக்கு வர வேண்டிய அட்டை எட்டு நாளில் காலி. அத்தையிடம் கேட்டிருக்கிறார். "குடுத்தேனே, ரெண்டு வேளையும் நாந்தேன் குடுத்தேன்" என்று துளிக் குழப்பமில்லாமல் பதில். முதல்நாள் ராத்திரி மாமா சாப்பிடவில்லை என்பது அத்தைக்கு நினைவே இல்லை.

மருமகள்தான் அந்தம்மாவை என்னிடம் கூட்டி வந்தார். அவர் சொல்லச் சொல்ல, தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒரு வரிசைக்கு வந்தது. இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பே வெற்றிலை வியாபாரி, கவுளியில் இலை குறைகிறது என்று கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் அது கண் கோளாறு என்று முடிவாகி, இரண்டு கண்ணுக்கும் புரை நீக்கும் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பார்வை சரியானது, கவுளி சரியாகவில்லை. சரி, வயதாகிவிட்டது, எதற்கு வேலை என்று அதை நிறுத்திவிட்டார்கள். அடுப்படியை மருமகள் வந்த சில வருடத்திலேயே கைமாற்றிக் கொடுத்துவிட்டார், ஆக சமையலில் உப்பு இரண்டு தடவை போட்டு மாட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை. கடைக்குப் போவது பேத்தி. பணம், பஸ், வங்கி எதுவும் அவர் கைக்கு எப்போதுமே வந்ததில்லை. அந்தம்மா தவறு செய்து பிறர் கண்ணில் படக்கூடிய இடம் ஒவ்வொன்றாகக் கைமாறிக் கொண்டே வந்திருக்கிறது, மரியாதையாக, அன்பாக, "நீங்க உக்காருங்க அத்தை" என்று. மிச்சமிருந்த ஒரே பொறுப்பு கணவரின் மாத்திரை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. இத்தனை வருடமும் கணக்கு, தேதி, தவணை எல்லாம் அவர் வைத்துக்கொண்டார், யார் யாருக்கு என்ன உறவு, எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பதை அந்தம்மா வைத்துக்கொண்டார். "இன்னைக்கு என்ன கெழமை" என்று அந்தம்மா கேட்பதும் அவர் சொல்வதும் வீட்டில் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. அவர் தடுமாற ஆரம்பித்த பிறகுதான் அந்தம்மா எதற்கெல்லாம் அவர்மேல் சாய்ந்திருந்தார் என்பது வெளியே வந்தது.

எங்கள் படிவத்தில் உள்ள ஓட்டை

முதியவர் ஒருவர் அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறார் என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல், அமெரிக்காவில் லாட்டனும் பிராடியும் 1969-ல் வெளியிட்டது. தொலைபேசி, கடைகண்ணி, சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மாத்திரை, பணம் என்று எட்டு அம்சம். அந்தக் காலத்தில் பெண்களுக்கு எட்டையும் பார்த்தார்கள், ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தை மட்டும் பார்த்தார்கள். அமெரிக்க ஆண்கள் சமைப்பதில்லை என்று அன்றைக்கே ஒப்புக்கொண்ட அளவுகோல் அது! சரி, அதே நியாயப்படி நம் கிராமத்து அம்மாவுக்கு எதை விடுவது? பணம், பயணம், தொலைபேசி மூன்றும் முதலிலேயே போய்விடும். மருமகள் உள்ள வீட்டில் சமையலும் துணியும் போய்விடும். "எப்போதுமே செய்ததில்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனால் கடைசியில் குறையே இல்லாத ஒரு பெண்மணி கிடைப்பார்.

வடநாட்டில் இதை யோசித்தவர்கள் உண்டு. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் நடந்த ஆய்வுக்காக, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற மனநிலைப் பரிசோதனை ஒன்றை இந்தியில் உருவாக்கினார்கள். படித்துப் பார்த்துச் செய்யச் சொல்லும் கேள்விக்குப் பதில், நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டுவது மாதிரி. கூடவே இந்திய முதியவர்களின் அன்றாடத் திறமைகளுக்கென்று தனி அளவுகோலும் செய்தார்கள். நான் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறேன், எங்கள் பக்கத்துச் சரக்கைக் கூடச் சேர்த்துக்கொண்டு.

இந்தப் பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண்ணின் தலைக்குள் இருக்கும் மிகப் பெரிய கணக்கு செய்முறைக் கணக்கு. நாத்தனார் மகள் சடங்குக்கு நாம் என்ன செய்தோம், அவர்கள் நம் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன கொண்டுவந்தார்கள், தாய்மாமன் சீரில் எத்தனை தட்டு. மொய் நோட்டு ஆண்கள் எழுதுவது, ஆனால் நோட்டைத் திறக்காமலே சொல்வது பெண்கள். அந்தம்மாவிடம் போன வருடம் நடந்த சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்தைக் கேட்டேன்.

"நல்லா செஞ்சாக தாயி, ஊரே மெச்சுற மாதிரி."

"நீங்க என்ன செஞ்சீக?"

"செய்யாம இருப்பமா? முறை இருக்குல்ல. செய்ய வேண்டியதைச் செஞ்சோம்."

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

"அவுக எல்லாம் நல்ல குடும்பந்தேன்."

ஒவ்வொரு பதிலும் சபையில் வைக்கத் தக்க பதில். ஒன்றில்கூட விவரம் கிடையாது. ஜெனகை மாரியம்மன் கோவில் திருவிழா எந்த மாசம் என்று கேட்டேன், பிறந்ததிலிருந்து பார்த்த திருவிழா. "எல்லா வருசமும் நடக்குற மாசந்தேன்" என்று சொல்லிவிட்டு என் கையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்திலிருந்த மருமகளும் சிரித்துவிட்டார். வைகாசி என்ற சொல் வரவே இல்லை.

வெற்றிலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவர்கள் பக்கம் ஒரு கவுளி என்றால் நூறு இலை. ஈரச்சாக்கில் சுற்றி வந்ததைப் பிரித்து மேசைமேல் போட்டதும் அந்தம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கை என்ன வேகம்! கிழிந்தது ஒரு பக்கம், முற்றியது ஒரு பக்கம், காம்பெல்லாம் ஒரே திசையில், சின்ன இலை உள்ளே பெரிய இலை வெளியே என்று அடுக்கு ஏறிக்கொண்டே போனது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பதுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நிற்கவில்லை, எண்ணிக்கை மட்டும் இருபதுகளுக்குத் திரும்பிப் போனது, மறுபடி முப்பது, மறுபடி இருபது. கடைசியில் நாரை எடுத்துக் கட்டிவிட்டு, ஆச்சு என்றார். எண்ணிப் பார்த்தோம், எழுபத்தி மூன்று. வியாபாரி சொன்னது கண் கோளாறு இல்லை என்பது அந்த மேசையடியிலேயே தெரிந்துவிட்டது. கைக்குப் பழகிய வேலை மூளையின் வேறு பாதையில் பதிந்திருக்கிறது, அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும். எண்ணிக்கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாதைதான் முதலில் தேய்கிறது.

இருவரின் மதிப்பெண்

மொத்த மதிப்பெண்ணில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை, அவருக்குத்தான் ஒன்றிரண்டு குறைவு. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம். பத்துச் சொற்களை மூன்று தடவை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறோம். அவர் மெதுவாக, சிரமப்பட்டு, மூன்றாம் தடவையில் ஆறு சொன்னார், இடைவெளிக்குப் பிறகு மூன்று. "அதில் ஒரு பழம் இருந்ததே" என்று எடுத்துக் கொடுத்தால் மற்றவையும் வந்துவிட்டன. உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. அந்தம்மா முதல் தடவையிலேயே நாலு, பிறகு ஐந்து, ஐந்து, அதுவும் சரளமாக. இடைவெளிக்குப் பிறகு ஒன்று. எடுத்துக் கொடுத்தாலும் வரவில்லை, நான் சொல்லாத சொற்கள் இரண்டு வந்தன. பதிந்தால்தானே எடுப்பதற்கு. ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர் சொல்லச் சொன்னால் அவர் ஆறு, அந்தம்மா பதினொன்று. எம்ஆர்ஐ-யில் அந்தம்மாவின் ஹிப்போகேம்பஸ், புது நினைவுகள் பதிகிற பகுதி, இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தது. அல்சைமர் வகை என்று மருத்துவர் முடிவுக்கு வந்தார்.

சொல் நினைவுச் சோதனைகளில் பெண்கள் பொதுவாக ஆண்களைவிடச் சற்று முன்னால் இருக்கிறார்கள், இளமையிலும் முதுமையிலும். இது நல்ல விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அல்சைமரைக் கண்டுபிடிக்க நாம் வைத்திருக்கும் முக்கியமான கருவியே சொல் நினைவுச் சோதனைதான். மூளையில் அதே அளவு சேதம் இருக்கும்போது பெண்ணின் மதிப்பெண் இன்னும் இயல்பு என்ற கோட்டுக்கு மேலேயே நிற்கிறது, கையிருப்பு தீர்ந்த பிறகு கீழே இறங்குவது வேகமாக இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு வெட்டுப்புள்ளி வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வுகளில், இயல்பு என்று அனுப்பப்பட்ட சில பெண்கள் நோய்ப் பட்டியலுக்கு வந்தார்கள், நோய் என்று சொல்லப்பட்ட சில ஆண்கள் பட்டியலைவிட்டு வெளியே போனார்கள்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் படித்தவர் எழுத்துச் சோதனையில் குறைவாக எடுப்பார், அதற்காக நாம் கோட்டைத் தாழ்த்துகிறோம், தாழ்த்திய கோட்டை அவருடைய பேச்சுத் திறமை சுலபமாகத் தாண்டிவிடுகிறது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை, ஆண்கள் 27 பேர். அந்தம்மா அந்தக் காலத்தில் பிறந்தவர். கணவர் பள்ளியிறுதி முடித்தவர். இருவருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட்டு எந்த மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது?

ஏன் பெண்களுக்கு அதிகம்

அமெரிக்காவில் அல்சைமர் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இந்தியாவில், 2023-ல் வெளியான லாசி-டாட் என்ற நாடளாவிய முதியோர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் பேசியதும் ஒரு பெண் நோயாளியை வைத்துத்தான். ஆனால் பெண் என்பதால் என்ன மாறுகிறது என்று தனியாகக் கேட்க ஆரம்பித்தது வெகுகாலம் கழித்து.

பெண்கள் அதிக வருடம் வாழ்கிறார்கள், வயதுதான் முதல் காரணம், அதனால் எண்ணிக்கை கூடுகிறது என்பது பாதி பதில். மீதிப் பாதியில் உடம்பும் இருக்கிறது, வாழ்ந்த வாழ்க்கையும் இருக்கிறது. ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை ஒரு பிரதி இருந்தால், 65-லிருந்து 75 வயதுக்குள் அது ஆணைவிடப் பெண்ணுக்கு அதிக ஆபத்தைக் கொடுக்கிறது. அல்சைமரில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற புரதம் ஒரே அளவில் சேர்ந்திருக்கும்போது, டௌ என்ற அடுத்த புரதம் பெண்களின் மூளையில் கூடுதலாகப் படிகிறது.

அப்புறம் ஹார்மோன். அந்தம்மாவுக்கு 38 வயதில், தொடர்ந்த உதிரப்போக்குக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். சினைப்பையையும் எடுத்தார்களா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏட்டில் எதுவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது ஸ்கேன் பார்த்தால் இரண்டு சினைப்பையும் இல்லை. மாதவிடாய் தானாக நிற்பதற்கு முன்பே சினைப்பைகளை எடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் அறிவாற்றல் குறைவும் டிமென்ஷியாவும் வரும் வாய்ப்பு அதிகம், எடுத்த வயது குறையக் குறைய வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அந்தம்மாவின் நோய்க்கு அதுதான் காரணம் என்று என்னால் கை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது" என்று முப்பதுகளில் மொத்தமாக எடுத்துவிட்டு வருகிற வழக்கம் நம் கிராமங்களில் எவ்வளவு சகஜம் என்று தெரிந்தவர்கள், சினைப்பையை விட்டு வைக்க முடியுமா என்ற ஒரு கேள்வியையாவது ஆபரேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டும். அதற்காக இப்போது 70 வயதில் ஹார்மோன் மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா என்றால், வேண்டவே வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில், 2003-ல் வந்த முடிவு, டிமென்ஷியா ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. யூடியூபில் எதையாவது பார்த்துவிட்டு மருந்துக் கடையில் கேட்காதீர்கள்.

சரி செய்யக்கூடியவை என்னென்ன இருந்தன

இந்தப் பகுதி எல்லோருக்கும் பயன்படும். டிமென்ஷியா என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் தேட வேண்டியவை சில உண்டு. அந்தம்மாவுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அதிகம், அதாவது தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது, இது பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருவது. பி12-ம் குறைவு. வலது காது பாதி கேட்கவில்லை. கூடவே, தினமும் ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை. அரிப்புக்காக எப்போதோ கொடுத்தது, தூக்கம் நன்றாக வருகிறது என்று வருடக்கணக்கில் தொடர்ந்திருக்கிறார், பேத்தி கடையில் வாங்கி வந்து கொடுப்பாள். பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் மூளையின் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. ஞாபகத்துக்கு வேண்டியதே அந்தப் பொருள்தான். (இன்னொன்று: சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று அமெரிக்காவில் 2013-ல்தான் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கினார்கள். அதுவரை இருபது வருடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு.)

அலர்ஜி மாத்திரையை நிறுத்தி, தைராய்டுக்கும் பி12-க்கும் மருந்து கொடுத்ததில் அந்தம்மா பளிச்சென்று ஆனார், பகலில் தூங்குவது நின்றது, பேத்தியோடு சண்டைகூடப் போட ஆரம்பித்தார். நினைவுச் சோதனையில் மாற்றமில்லை. நோய் உண்மையானதுதான், மேலே போர்த்தியிருந்த சில போர்வைகள் விலகின, அவ்வளவுதான். காது கேட்கும் கருவிக்கு முதலில் சம்மதிக்கவில்லை. செவிட்டுக் கிழவி என்பார்களாம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்ட, டிமென்ஷியாவுக்கு வழிவிடுகிற, மாற்றக்கூடிய 14 காரணங்களில் முன்வரிசையில் இருப்பது காது. படிப்புக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதே பட்டியல்தான். பதினான்கையும் சரிசெய்தால் உலகில் வருகிற டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இதைச் சொன்னபோது மகன், காதுக்கும் மூளைக்கும் என்ன மேடம் சம்பந்தம் என்றார். காதில் விழாதது மூளையில் எப்படிப் பதியும், கேட்கவில்லை என்று நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதும் நின்றுவிடும் என்றேன். கருவி வாங்கிவிட்டார்கள், பாதி நாள் அலமாரியில் இருக்கிறது.

அந்தம்மாவுக்கு டோனெபெசில் என்ற அல்சைமர் மாத்திரை ஆரம்பிக்கும் முன் இசிஜி எடுத்தார்கள், நாடித்துடிப்பு ஏற்கனவே குறைவாக உள்ளவர்களுக்கு அது ஆபத்து. முதல் சில வாரம் வயிற்றுப்போக்கும் பசியின்மையும். இப்போது பழகிவிட்டது. நோயை நிறுத்தும் மருந்து இல்லை அது, கொஞ்ச நாளைக்கு முட்டுக் கொடுக்கும். அவருக்கு அந்த ரக மாத்திரை எதுவும் தரவில்லை. ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைப்பது, கொழுப்புக்கும் ரத்த உறைவுக்கும் மாத்திரை, தினமும் நடை. கிளிமிப்பிரைடை எடுத்துவிட்டார்கள். இந்த நிலையில் உள்ள முதியவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருப்பதைவிடத் திடீரென்று குறைவது மோசம். மாத்திரை நேரம் முடிந்தவரை காலை ஒன்றாக்கப்பட்டது, வாரப் பெட்டியில் நிரப்புவது மகன். ராத்திரி சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவது பேத்தி. அந்தம்மா பெயரில் உள்ள சீதன நிலத்தை இப்போதே எழுதி வாங்கிவிடலாமா என்று ஒரு உறவினர் யோசனை சொன்னாராம். நோய் என்று எழுதப்பட்ட பிறகு பத்திரப் பதிவு என்றால் நாளைக்கு அண்ணன் தம்பி கோர்ட்டில் நிற்பீர்கள், வக்கீலைப் பார்க்காமல் ஒரு ரேகைகூட வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு

அவர் பல மாதம் அப்படியே இருந்தார், பிறகு நெஞ்சுச் சளி வந்து படுத்ததில் ஒரு படி இறங்கினார், அங்கேயே நிற்கிறார். ரத்தநாள வகை இப்படிப் படிப்படியாக இறங்குவது அடிக்கடி பார்ப்பதுதான். அந்தம்மா மெதுவாக, ஆனால் இடைவிடாமல் இறங்குகிறார். தம்பி மகளை நாத்தனார் மகள் என்கிறார். பேச்சு மட்டும் இன்னும் அதே பேச்சு, தெருவில் பார்ப்பவர்கள் இப்போதும் நம்புவதில்லை. வெற்றிலையை மறுபடி கொடுக்கச் சொன்னேன், எண்ணச் சொல்லாமல், அடுக்க மட்டும். எண்ணுவது வியாபாரி வீட்டுப் பெண். காலையில் இரண்டு மணி நேரம் அமைதியாக அதில் ஓடுகிறது.

நான் கவலைப்படுவது மருமகளைப் பற்றி. 44 வயது. தையல் கடை வைத்திருந்தார், மூடிவிட்டார். தூக்கம் கிடையாது, மாமாவை ராத்திரி மூன்று தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும், அத்தையை வாசல் தாண்டாமல் பார்க்க வேண்டும். "எனக்கு என்ன மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். ரத்த அழுத்தம் பார்த்தால் 150/100. இது அவருக்குத் தெரியவே தெரியாது. மாதாமாதம் வாசலுக்கு வரும் தன்னார்வலர் மாமாவுக்கும் அத்தைக்கும் பார்க்கும்போது இவர் மோர் கலக்க உள்ளே போய்விடுவாராம். நடுவயது ரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை, தனிமை, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகிறது, பெண்களின் மூளைக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மரபணுவுக்கு முன்னால் நான் இந்த வீட்டைக் காட்டுவேன். கவனிக்கிற வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

மகனை உட்கார வைத்துப் பேசினோம். முதலில் நெளிந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் செய்யாமல் யார் செய்வது என்று அவரே சொல்லிவிட்டு, ராத்திரி அப்பா பக்கத்தில் இனி தான் படுப்பதாக ஒத்துக்கொண்டார், ஒத்துக்கொண்டதை இதுவரை செய்தும் வருகிறார். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவைப் பகலில் நாலு மணி நேரத்துக்கு வைத்திருக்கிறார்கள். மருமகளுக்குக் கொதிப்பு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தையல் கடையை வீட்டு முன்னறையிலேயே மறுபடி திறந்திருக்கிறார், இப்போதைக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டும்.